மிதக்கும் வீடும் உம்மாவின் கேள்வியும்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். அன்று காலை கடல் எங்கள் வளவுக்குள் புகுந்து திரும்பியபோது ராத்தாவையும் அவவின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டது. மச்சான் அந்நேரம் ஆழ்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். படகு ஆடக்கூட இல்லையாம். அடுத்த நாள் கரைக்கு வந்துதான் எல்லாம் அறிந்தார்.

"கடலுக்குள்ள இருந்த நான் தப்பிட்டன். கரையில இருந்ததுகள் போயிட்டுதுகள்" என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதன் நீளமோ நூறு கிலோமீற்றருக்கும் மேல். படகில் இருப்பவனுக்கு அது தெரியாது. ஆழம் குறையக் குறையத்தான் வேகம் தணிந்து உயரம் எழும்பும். அப்படியானால், குடும்பமே கடலில் வாழ்ந்தால் என்ன?

2005இல் வடக்கு கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்த அந்த நாட்களில், ஒரு சீ.ஆர். கொப்பியில் மிதக்கும் வீடொன்றை வரையத் தொடங்கினேன்.

ஆறு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம். அடியில் 200 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பீப்பாய்கள் நாற்பது. ஆக்கிமிடிஸ் விதிப்படி அவை பாதி அமிழ்ந்தாலே கடல்நீரில் ஏறக்குறைய 4,100 கிலோ தாங்கும். பலகை, கூரை, ஐந்து பேர், 500 லீற்றர் குடிநீர், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் 3,300 கிலோவுக்குள் அடங்கின. பத்துச் சதுர மீற்றர் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் நூறு லீற்றர் தண்ணீர். மாரியில் தாகமில்லை.

பிறகு கொப்பியை மூடி வைத்துவிட்டேன். படிப்பித்தல், கலியாணம், பிள்ளைகள் என்று காலம் போயிற்று. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. அந்த இருட்டில் கொப்பியைத் திரும்பவும் எடுத்தேன். இம்முறை கூரையில் சூரியப்படல். விளக்குகள், இரண்டு சிறிய விசிறிகள், தொலைபேசி, வானொலி, ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு ஆயிரம் வாற்று மணித்தியாலம் போதும். எங்கள் வெயிலுக்கு 300 வாற்றுப் படல் ஒன்று அதனைத் தந்துவிடும்.

கணக்கு இடறியது வேறிடத்தில். வீட்டை நகர்த்த 2,000 வாற்று மோட்டார் ஒன்றைப் பூட்டினேன், கொப்பியில்தான். ஒரு மணித்தியாலம் ஓட இரண்டு நாள் மின்சாரம் வேண்டும்! வெயில் குடும்பத்துக்குப் போதும்; தப்பி ஓடப் போதாது. ஓடாத வீட்டை ஆழ்கடலில் நங்கூரமிடவும் முடியாது. வாடைக்காற்றின் அலைகள் பீப்பாய்க் கட்டுகளை அறுத்துவிடும். களப்பில் கட்டலாம், ஆனால் களப்புக்குள்ளும் சுனாமி வந்ததே. நைஜீரியாவின் லாகோஸ் களப்பில் 2013இல் 256 பீப்பாய்கள் மேல் எழுப்பிய மக்கோக்கோ மிதக்கும் பாடசாலை, 2016 ஜூனில் அடைமழையில் சரிந்து விழுந்ததை வாசித்தபோது என் நாற்பது பீப்பாய்களும் நெஞ்சில் உருண்டன.

உம்மா கட்டிலில் சாய்ந்தபடி படத்தைப் பார்த்தா.

"வடிவாத்தான் இரிக்கி மனே. குசினி எங்க?"

காட்டினேன்.

"தொழுற இடம்?"

அதையும் காட்டினேன்.

"மௌத்தானா எங்க அடக்குவாய்?"

கரைக்கு எட்டாத் தொலைவில் ஜனாஸாவைக் கடலில் விடலாம் என்று மார்க்கத்தில் இடமுண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ராத்தாவின் மையத்து மூன்றாம் நாள் கிடைத்தது. சின்னவனின் மையத்து கிடைக்கவேயில்லை. பதினெட்டு வருடமாகப் பெருநாள் தொழுகை முடிந்ததும் உம்மா ராத்தாவின் கபுறுக்கு ஸலாம் சொல்லி அனுப்புவா. பேரனுக்கு ஸலாம் சொல்ல அவவுக்கு இடமில்லை.

"பாங்கு கேக்கிற தூரத்துல கட்டு மனே. அதுக்கங்கால போகாத" என்றா.

உம்மா மறுவருடம் வபாத்தானா. ராத்தாவுக்குப் பக்கத்திலேயே அடக்கினோம்.

பங்களாதேஷில் முகம்மது ரெஸ்வான் என்ற கட்டடக்கலைஞர் 2002 முதல் பாடசாலைப் படகுகளை ஓட்டி வருகிறார். வெள்ளக் காலத்திலும் சூரியப்படல் பூட்டிய படகு கரை கரையாகச் சென்று பிள்ளைகளை ஏற்றுகிறது. படிப்பித்த பின் அவரவர் கரையில் இறக்கிவிடுகிறது. இதை வாசித்த அன்று என் கொப்பியில் மோட்டாரை வெட்டிவிட்டு, கரையில் நட்ட ஒரு கட்டையையும் அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கயிற்றையும் வரைந்தேன்.

கயிற்றின் நீளத்தை எழுதவில்லை. ஒரு சுபஹு நேரம் மச்சானோடு தோணியில் களப்புக்குள் போய், பள்ளியின் பாங்கு எதுவரை கேட்கிறதென்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். அவரிடம் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.