சுருட்டிய ரொட்டி

தோட்டப்புறத் தமிழர் காலையுணவு கொள்வதைப் 'பசியாறுதல்' என்று வழங்கினர். ஒருவரையொருவர் காலையில் காணும்போது, "பசியாறியாச்சா?" என்று கேட்பதே அவர்களது வணக்கம். மலேசியத் தமிழருள் இச்சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. எனினும் அடுக்குமாடி வீட்டின் மேசையில் அமர்ந்து ரொட்டிச் சானாய் உண்பவர் அதைச் சொல்லும்போது அதன் பழைய கனம் அதில் இருப்பதில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கோ பசி உண்மையிலேயே ஆற்றப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது. முன்னிரவில் உண்ட சோற்றுக்குப் பின் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அவர்கள் வாயில் கவளம் வைத்தனர். இடையில் வயிற்றுக்குள் சென்றது ஒரு குவளை வரக்கோப்பி மட்டுமே.

ஏன் பத்து மணி என்பதற்கு மரமே காரணம். பட்டைக்குள் பால் நிறைந்து இறுக்கமாக நிற்பது விடியலுக்கு முன்புதான். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடும், பாலின் இறுக்கம் தளரும், ஓட்டமும் குறையும். ஆகவே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே நிரையில் இறங்கி, 400, 500 மரங்களை வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். வெட்டிய பின் இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கிக்கொண்டிருக்கும். முதலில் வெட்டிய மரத்தில் பால் நின்ற பிறகே வாளியோடு சென்று சேகரிக்க முடியும். மரம் தன் வேலையைச் செய்யும் அந்த இடைவேளையில்தான் மனிதனுக்கு ஓய்வு. அவன் பசியாறுவதும் அப்போதுதான்.

அங்கே கை கழுவ நீர் ஏது? ஒட்டுப்பாலின் நாற்றமோ விரலிடுக்கை விட்டுப் போகாது. பிசைந்து உண்ணும் உணவு அந்த இடத்துக்கு ஆகாது. ஆகவேதான் தோட்டத்துப் பெண்கள் பலர் ரொட்டியைச் சுருட்டக் கற்றனர்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஒரு மூதாட்டி இன்று ஷா ஆலமில் தம் மகன் வீட்டில் இருக்கிறார். தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறிற்று, பிறகு வீட்டுமனைகளாயிற்று. அவரிடம் எஞ்சியிருப்பது வலக்கைக் கட்டைவிரலின் அடியில் உளிக்கத்தி பதித்த காய்ப்பும், விடியற்காலை மூன்றரை மணிக்குத் தானாக வரும் விழிப்புமே. அந்த மூன்றரை மணிக்கு அவர் செய்துவந்த ரொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேங்காய்த் துருவல் போட்டுத் தடிப்பாகத் தட்டும் ரொட்டி சுவையானதுதான். ஆனால் மடித்தால் வெடிக்கும். சுருட்டுவதற்கான ரொட்டியில் தேங்காய் கூடாது. கோதுமை மாவில் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்துப் பிசிறி, கை பொறுக்கும் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைப்பார். மாவு ஊறும் நேரத்தில் நெத்திலிச் சம்பால் தயாராகும். காய்ந்த மிளகாய், வெங்காயம், புளி ஆகியவை எண்ணெயில் வதங்கி, நீர் முழுதும் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே வரவேண்டும். சிறிது நீர் தங்கிவிட்டாலும் பத்து மணிக்குள் ரொட்டி நைந்து கையோடு வந்துவிடும். சம்பளம் போட்ட வாரத்தில் மட்டும் இரண்டு முட்டைகளை உடைத்து உருளைக்கிழங்கோடு சேர்த்து உதிரியாகப் பிரட்டுவார்.

மாவைக் கண்ணாடிப் போத்தலால் மெல்லியதாகத் தேய்த்து, எண்ணெய் காணாத வறட்டுச் சட்டியில் போட்டு, கொப்புளம் எழும்பியதும் திருப்பி உடனே எடுத்துவிடுவார். அரை நிமிடம் தாமதித்தால் அது அப்பளம். எடுத்த ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிக்குள் அடுக்குவதில்தான் நுணுக்கமே இருந்தது. ஒன்றின் ஆவி மற்றொன்றைப் பதப்படுத்தும். துணியைப் போல் மடியும். நடுவில் அல்ல, சற்றுக் கீழே சம்பாலை வைத்து, அடிப்பக்கத்தை மேலே மடித்து, இரு ஓரங்களையும் உள்ளே தள்ளி, இறுக்கமாக உருட்டுவார். பிறகு தணலில் வாட்டிய வாழையிலை. அதன்மேல் பழைய செய்தித்தாள்.

அந்தச் செய்தித்தாளுக்கும் ஒரு நன்றி சொல்லத் தகும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேச'னின் ஞாயிறு மலர்கள் லயத்து வீடுகளில் இப்படியே இரண்டாம் பிறவி எடுத்தன. சிறுகதையின் முற்பகுதி தந்தையின் ரொட்டியைச் சுற்றி நிரைக்குப் போகும். பிற்பகுதி அண்டை வீட்டுக்காரர் கையில் இருக்கும். முடிவு தெரியாமல் போன அக்கதைகளுக்குத் தாங்களாகவே முடிவு கற்பித்துக்கொண்ட பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களானதில் வியப்பில்லை.

மழை நாளின் கணக்கு வேறு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்கு வராது. பட்டையெங்கும் பரவி வீணாகும். பெரட்டுக் களத்தில் மண்டோர் வானத்தைப் பார்ப்பார், கிராணி மண்டோரைப் பார்ப்பார், கூட்டம் கிராணியைப் பார்க்கும். "இன்னைக்கு வெட்டு இல்லை" என்ற சொல் வந்துவிட்டால் எல்லோரும் நனைந்தபடியே திரும்புவர். நாள் கூலிக் காலம் அது. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. மழை விட்டபின் புல்வெட்டுக் கிடைப்பது சிலருடைய நல்வாய்ப்பு.

அத்தகைய நாளில் சுருட்டிய ரொட்டி வீட்டிலேயே பிரிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அது திருவிழா. அம்மா வீட்டில் இருக்கிறாள். நிரைக்குப் போகவேண்டிய ரொட்டி தங்களுக்குக் கிடைக்கிறது. கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது. அவர்கள் பங்கு பிரித்துச் சிரிக்கும்போது தாய் வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்திருப்பாள். மாதத்தில் எத்தனை நாள் ரொட்டி வீட்டில் பிரிக்கப்பட்டதோ, அத்தனை நாள் கூலி கடைக்காரரின் கடன் ஏட்டுக்குள் போயிற்று. மூதாட்டி அந்நாட்களில் தம் ரொட்டியை உண்டதாக மகனுக்கு நினைவில்லை. உலை மூட்டப் பயன்படும் என்று எண்ணெய் படிந்த தாளை மட்டும் அவர் எடுத்து மடித்துவைப்பார்.

மகனின் மகள் இன்று மருத்துவமனைத் தாதி. காலைப் பணிக்கு ஆறு மணிக்கே காரை எடுக்க வேண்டும். நின்று உண்ண நேரமில்லை. அவள் ஒரு தோழியிடமிருந்து கற்றுவந்த உணவு புரிட்டோ. இது மெக்சிக்கோ நாட்டு வழக்கு. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் 'சிறு கழுதை' என்று பொருள். 1895இல் வெளிவந்த மெக்சிக்கோ வழக்குச் சொல்லகராதி ஒன்றிலேயே அது உணவின் பெயராக இடம்பெற்றிருக்கிறது. அந்நாட்டின் பழைய ரொட்டி சோளத்தால் ஆனது. கோதுமை ஸ்பானியரோடு வந்தது. கோதுமை நன்கு விளைந்த வடபகுதிகளில்தான் மடித்துச் சுருட்டத்தக்க பெரிய ரொட்டி தோன்றிற்று. முட்டையும் உருளைக்கிழங்கும் மிளகாயும் வைத்துக் காலையுணவாக்கும் வழக்கத்துக்குப் பெயர்போனது எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலம். அதன் தலைநகர் சாந்தா ஃபேயில் 1975இல் திறக்கப்பட்ட உணவகம் ஒன்று, 'காலை புரிட்டோ' என்ற பெயரை உணவுப் பட்டியலில் முதலில் இட்டது தானே என்று உரிமை கொண்டாடுகிறது. அங்கே உண்பவரிடம் கேட்கும் முதற்கேள்வி, சிவப்பு மிளகாயா பச்சை மிளகாயா என்பதுதான். அந்த மிளகாயே போர்த்துகீசியர் வழியாகத் தமிழ்நாட்டை அடைந்து, பிறகு தோட்டத்துச் சம்பாலில் இறங்கியது என்பதை எண்ணினால், சுருட்டிய இரு ரொட்டிகளும் தூரத்து உறவினர் என்று சொல்லத் தோன்றும்.

பேத்தியின் முறை இது: ஞாயிற்றுக்கிழமை பத்துப் புரிட்டோக்கள் செய்வது, அலுமினியத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைப்பது, நாளுக்கொன்றாக எடுத்து, தாளை நீக்கிச் சூடாக்கி, துணிக்காகிதம் சுற்றிக் காரில் உண்பது. முதல் ஞாயிறு எல்லாம் கெட்டது. கடையில் வாங்கிய ரொட்டியைக் குளிர்ச்சி நீங்காமலே மடித்தாள், கிழிந்தது. முட்டையை ஈரமாகவே வைத்தாள், புதன்கிழமைக்குள் கூழாயிற்று. ஆசை மிகுந்து நிறைய வைத்ததால் ஓரங்கள் மூடவில்லை.

மறுவாரம் மூதாட்டி நாற்காலியை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"அதைச் சட்டியில காட்டி, துணிக்குள்ள வைம்மா. முட்டையில தண்ணி சுண்டட்டும். சூடா வச்சுச் சுருட்டாதே, ஆவி வேர்த்து நனைச்சிடும்."

"பாட்டி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? இது மெக்சிக்கோ சாப்பாடு!"

"எந்த ஊரா இருந்தா என்ன? வேலைக்குக் கொண்டுபோற ரொட்டிதானே."

மூன்றாம் வாரம் கடை ரொட்டி வீட்டுக்குள் வரவில்லை. பேத்தி மாவைப் பிசைய, மூதாட்டி தேய்த்தார். போத்தலுக்குப் பதில் உருளைக்கட்டை இருந்தும் அவர் போத்தலையே கேட்டு வாங்கிக்கொண்டார். பாலாடைக்கட்டியை மட்டும் அவர் ஒப்பவில்லை; அதன் இடத்தில் நெத்திலிச் சம்பால் ஏறிற்று. நியூ மெக்சிக்கோவார் இதைக் கண்டால் முகம் சுளிப்பரோ என்னவோ! சிவப்பா பச்சையா என்ற அவர்களது கேள்விக்கு அது ஒரு விடையே ஆகும்.

பத்தையும் சுற்றி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றாவதாக ஒன்றைச் சுருட்டிப் பாட்டியின் கையில் கொடுத்துச் சூடாக உண்ணச் சொன்னாள் பேத்தி. மூதாட்டி அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே வெளியே பார்த்திருந்தார். மணி எட்டரை.

"சாப்பிடுங்க பாட்டி, ஆறிடும்."

"உனக்கு இன்னைக்கு வேலை இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை. லீவு பாட்டி."

"மழையினால இல்லையே? சம்பளத்துல பிடிக்க மாட்டாங்களே?"

பேத்தி முதலில் சிரித்தாள். பாட்டியின் முகத்தைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அருகே வந்து தரையில் அமர்ந்தாள்.

"மாசச் சம்பளம் பாட்டி. மழை பெய்தாலும் உண்டு, வெயில் அடிச்சாலும் உண்டு."

மூதாட்டி தலையசைத்தார். ஓரத்திலிருந்து மெல்லத் தாளைப் பிரித்து உண்ணத் தொடங்கினார். சம்பாலில் புளி சற்றுக் கூடிவிட்டது என்றார். உண்டு முடித்ததும் அந்த அலுமினியத் தாளை மடியில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் போக நீவி, நான்காக மடித்துப் பேத்தியிடம் நீட்டினார்.