ஒப்பற்ற கலைஞர் எவர்?

தீபாவளி நெருங்குங்கால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் நடப்போர் செவிகளில் ஒரே வேளையில் பல பாடல்கள் வந்து மோதும். ஒரு கடையில் டி.எம். சௌந்தரராஜன், அடுத்த கடையில் இளையராஜா. இவர்களுள் பெரியவர் எவர் என்னும் வழக்கும் உடன் எழும். முதியோர் தாம் வானொலியில் கேட்டு வளர்ந்த குரலையே உயர்ந்ததென்பர். இளையோர் தம் காலத்தவரையே முன்னிறுத்துவர். உண்மையில் இரு சாராரும் தெரிந்தெடுப்பது கலைஞரையன்று, தத்தம் இளமையையே.

ஆகவே, பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். விருது அத்தகைய அளவுகோலாகுமா? எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். அவர்தம் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும், விருதையே கொண்டு அளந்தால், திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை பின்தள்ளப்படுவார். சங்கீத கலாநிதிகளின் வரிசையில் அவர் பெயர் இல்லை.

1898இல் பிறந்து 1956இல் மறைந்த அப்பெருமகனார் செய்தது யாது? அவர் தோன்றிய காலத்தில் நாகசுரக் கலைஞர்கள் மேலாடையின்றி, கோயில் வீதியிலும் திருமண ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசித்தனர். வாய்ப்பாட்டுக்கு மேடை, நாகசுரத்துக்கு வாயில். இராஜரத்தினமோ சட்டையணிந்து மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைச் சேர்த்துக்கொண்டார். உச்சச் சுருதியுடைய திமிரியினும் நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தினார். அவர் விரித்த தோடி இராகம் அவருடைய பெயராகவே ஆயிற்று.

அவரைச் செருக்குடையவர் எனக் குறை கூறினோர் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவர் நிமிர்ந்தால், நிமிர்வும் செருக்காகத் தோன்றுதல் இயல்பன்றோ?

இசையால் மகிழ்வித்தோர் பலர். தம் இசையால் இசைவாணரின் நிலையையே உயர்த்தியோர் சிலர். இவ்வளவுகோலில் சுப்புலட்சுமியும் தாழார். பெண்கள் பலர் மேடையேற அவர் வாழ்வு துணிவளித்தது. எனினும், குரலுக்கு மேடை முன்னரே இருந்தது. நாகசுரத்துக்கோ மேடையையும் வென்றெடுக்க வேண்டியிருந்தது. அதனால் இராஜரத்தினத்திற்கே முதலிடம் தருதல் தகும்.

ஆயினும், அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. தைப்பூசத்தையொட்டி, 1873இல் தோன்றிய கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை நோக்கி வெள்ளி இரதம் புறப்படுகையில் நாகசுரம் முழங்குகிறது. இரதத்தைக் கண்டு கைகூப்புவோர் எண்ணிலர். வாசிப்பவர் முகத்தை நோக்குவோர் மிகச் சிலர். திரைப்பாடகர் பெயர்களை வரிசையாகச் சொல்லும் மாணவரிடம், தம்மூர்க் கோயிலில் நாள்தோறும் நாகசுரம் வாசிப்பவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகும். ஒப்பற்ற கலைஞர் எவரென வழக்காடுமுன், அருகிருக்கும் கலைஞரின் பெயரைக் கேட்டறிதல் நலம்.