காக்களூரில் ஒரு சிறு வீடும் பதினான்கு இசைக்கருவிகளும்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் அமர்ந்தால், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் எனச் சிறு நிலையங்கள் ஒவ்வொன்றாய் வந்து மறையும். அடுத்து வருவது திருவள்ளூர். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடிய தடம் இதுவே. இங்கு இறங்குவோரில் பக்தர்கள் வீரராகவப் பெருமாள் கோயிலை நாடிச் செல்வர். தொழிலாளர் பலர் காக்களூருக்கு விரைவர். ஏரிக்கரை ஊராகிய காக்களூரில் இன்று சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால்பண்ணையும் உள்ளன. பகலும் இரவும் இயந்திரங்களின் ஓசை கேட்கும் இவ்வூரில், இன்னிசைக் கருவிகளுக்கு இடம் தேடி நாங்கள் பட்ட பாட்டையும், அதனால் பெற்ற படிப்பினையையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் இல்லம் என்பது ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவே. கூடத்தின் மேல் கல்நார்த் தகடு வேய்ந்திருக்கிறது. தந்தையார் பாடற்குழுவில் முப்பது ஆண்டுகள் வாசித்த ஆர்மோனியம் ஒன்றே முதலில் இவ்வீட்டில் இருந்தது. பின்னர் மகள் வீணை பயின்றாள். மகன் மிருதங்கத்தில் தொடங்கிக் கிதாருக்குத் தாவினான். இதற்கிடையே ஆலயங்கள்தோறும் மின் இசைப்பலகை வந்து சேர்ந்தது. பழைய கருவிகளை என்செய்வதென்று அறியாத உற்றாரும் நண்பரும், “உங்கள் வீட்டில்தான் இசை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்” என்று கொண்டுவந்து தந்தனர். மறுக்க மனம் வரவில்லை. ஆர்மோனியம் மூன்று, மிருதங்கம் இரண்டு, வயலின் இரண்டு, தபலா இணை ஒன்று, டோலக், வீணை, கிதார், கடம், கஞ்சிரா, புல்லாங்குழல் என எண்ணிக்கை பதினான்கை எட்டியது. இரவில் பாய் விரிக்க வேண்டுமாயின் முதலில் தபலாவை நகர்த்த வேண்டும். விருந்தினர் வந்தால் வயலின் பெட்டிகள் கட்டிலின்மேல் ஏறும், விருந்தினர் நாற்காலிகளில் அமர்வர், நாங்கள் நிற்போம்.

கத்தோலிக்க இல்லம் ஒன்றில் ஆர்மோனியத்தோடு மிருதங்கமும் டோலக்கும் குவிந்தது எவ்வாறு என்று சிலர் வினவக்கூடும். 1903-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஒழுங்குமுறை, ஆலயத்தினுள் பியானோவையும் முரசு, தாளம் போன்ற பேரொலிக் கருவிகளையும் விலக்கி வைத்திருந்தது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனைப் பெரிதும் போற்றிய அதே வேளையில், தெய்வ வழிபாட்டிற்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது. அதன் பின்னரே நம் மண்ணின் தோற்கருவிகள் பீடத்தருகே துணிவுடன் வந்து அமர்ந்தன. எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து நின்றவை வெறும் மரமும் தோலும் அல்ல. திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதி என்றே நாங்கள் எண்ணினோம். எண்ணியது சரி, பேணியதில்தான் தவறினோம்.

பரணில் நேர்ந்த துயரம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டியது. எங்கள் தெருவிலும் நீர் தேங்கிக் கூடத்தின் தரை கசியத் தொடங்கியது. கருவிகளைக் காப்பதாக எண்ணி, அனைத்தையும் அவசரமாகப் பரணில் ஏற்றினோம். நீர் வடிந்த பின்னர் கிதாரும் தபலாவும் புல்லாங்குழலும் மட்டுமே இறங்கின. கூடம் விசாலமாயிற்று, பாய் விரிக்க இடம் கிடைத்தது. அந்த வசதியில் ஏனையவற்றை மறந்தே போனோம்.

அடுத்த மே மாதம், கல்லூரி விடுதியிலிருந்து வந்த மகள் வீணையை இறக்கினாள். வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை அல்லவா? கல்நார்த் தகட்டின் வெப்பத்தில் மெழுகு இளகி, மெட்டுகள் இடம் பெயர்ந்திருந்தன. அப்போதேனும் நாங்கள் விழித்திருக்க வேண்டும். “வீணைக்கு மட்டும் வந்த கேடு” என்று அமைந்துவிட்டோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, பழைய பாடல்களைத் தந்தையாரின் ஆர்மோனியத்தில் பாட விரும்பி அதை இறக்கினோம். துருத்தியின் துணியையும் தோலையும் எலி கடித்துக் குதறிக் கூடு கட்டியிருந்தது. மிருதங்கம் ஒன்றின் இடப்பக்கத் தொப்பியில், கடைசியாக வாசித்தபோது அப்பிய ரவைப் பசையைச் சுரண்டாமல் விட்டிருந்தோம். அதைத் தின்ன வந்தவை தோலையும் தின்றுவிட்டன. வயலின் ஒன்றின் பசை விட்டுப் பலகை வாய் பிளந்திருந்தது. அன்று மாலை எங்கள் வீட்டில் எவரும் பாடவில்லை. தந்தையாரின் விரல் தேய்த்து மழுங்கிய கட்டைகளை இல்லத்தலைவி ஈரத்துணியால் துடைத்தவாறே கண் கலங்கினாள்.

ஆர்மோனியத்தைச் செப்பனிட்ட முதியவர் துருத்தியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, எலியைக் குறை சொல்லாதீர்கள். வாரம் ஒருமுறை கை பட்டிருந்தால் எலிக்கு இங்கே என்ன வேலை?” என்றார். எங்களிடம் அதற்கு மறுமொழி இல்லை.

கண்ணாடிக்குள் கண்டது

கருவிகளை முறையாகக் காப்பது எவ்வாறென்று அறியும் ஆவலில், ஒரு விடுமுறை நாளில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். 1851-இல் தோன்றிய அந்நிறுவனத்தின் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவர்கள் விளக்க அட்டவணை ஒன்றை எழுத, அது 1931-இல் வெளிவந்தது. அவரைப் போன்றோரின் உழைப்பினால் எத்தனையோ கருவிகளின் பெயரும் வடிவும் அழியாமல் நிற்கின்றன. ஆயினும் கண்ணாடிக்கு அப்பால் அவை ஊமையாக இருந்தன. அருங்காட்சியகத்திற்கு அம்மௌனம் பொருந்தும். வருங்காலத்திற்காக உருவைக் காப்பது அதன் கடமை. அத்தகைய கடமை ஏதுமின்றியே நாங்களும் எங்கள் கருவிகளை ஊமையாக்கி வைத்திருந்தோம்!

அவ்வேளையில் கல்கத்தாவின் இராஜா சௌரீந்திர மோகன் தாகூர் நினைவுக்கு வந்தார். அவர் 1876-இல் ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளைப் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். மறு ஆண்டில் பிரசெல்ஸ் நகரில் உருவான இசைக்கருவி அருங்காட்சியகத்திற்கு அடித்தளமான திரட்டுகளில் அதுவும் ஒன்று. மாளிகையும் செல்வமும் உடைய ஒருவரே தம்மிடம் குவித்து வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு வழங்கினார். இரண்டறை வீட்டில் வாழும் நாங்கள் எதற்காகக் குவித்தோம்?

இன்றைய ஒழுங்கு

வீடு திரும்பியதும் குடும்பமாக அமர்ந்து முடிவெடுத்தோம். ஒவ்வொரு கருவிக்கும் வீட்டில் ஒரு கை இருக்க வேண்டும். கை இல்லாத கருவி கை உள்ள இடத்திற்குச் செல்ல வேண்டும். ஆர்மோனியம் இரண்டும், செப்பனிட்ட மிருதங்கமும், வாய் பிளந்த வயலினும் புதுப்பிக்கப்பெற்று, பாடற்குழு தொடங்க முயன்றுகொண்டிருந்த ஒரு கிளைப் பங்கிற்குச் சென்றன. ஜார்க்கண்டிலிருந்து வந்து தொழிற்பேட்டையில் பணிபுரியும் கத்தோலிக்க இளைஞர் சிலர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதுண்டு. பின்வரிசையில் அமைதியாக நிற்பர். டோலக்கை அவர்களிடம் கொடுத்தோம். தந்தையாரின் ஆர்மோனியம் மட்டும் எங்களோடு இருக்கிறது.

எஞ்சிய ஒன்பதையும் வைத்திருக்கும் முறை எளியது. மழைக்காலத்தில் தரை ஆகாது. வெயிற்காலத்தில் பரண் ஆகாது. எனவே சமையற்கட்டின் ஆவி படாத உட்சுவரில், மார்பளவு உயரத்தில் மரச்சட்டம் அடித்து அவற்றை வைத்துள்ளோம். வெளிச்சுவர் மழையில் ஈரம் கோக்கும். ஆகவே அதனைத் தவிர்த்தோம். வயலின் வில்லின் மயிரை வாசித்த பின் தளர்த்திவிடுகிறோம். மிருதங்கத்தின் ரவைப் பசையை உடனே எடுத்துத் துடைக்கிறோம். கடம் பிரிமனையின்மேல் அமர்ந்திருக்கிறது. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப்பையில் கட்டி இடையே வைத்திருக்கிறோம். எல்லாவற்றிற்கும் மேலாக, சனிக்கிழமை இரவு செபமாலைக்குப் பின் ஒவ்வொரு கருவியும் உறையிலிருந்து வெளியே வரும். சிறிது நேரமேனும் ஒலிக்கும். அதுவே சிறந்த காவல் என்று கண்டுகொண்டோம்.

சென்ற கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியில் அவ்வடநாட்டு இளைஞர்கள் முதன்முறையாக முன்வரிசைக்கு வந்தனர். டோலக்கை முழக்கித் தங்கள் மொழியில் ஒரு பாடல் பாடினர். சொற்கள் எங்களுக்கு விளங்கவில்லை; ஆயினும் ஆலயம் முழுவதும் கைதட்டித் தாளம் இட்டது. எங்கள் பரணில் ஓராண்டு ஊமையாய்க் கிடந்த அதே டோலக்தான் அது.

ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில், புதைத்து வைத்தவன் திருடனல்லன், பத்திரமாகவே வைத்திருந்தான். ஆயினும் தலைவனிடம் கடிந்துகொள்ளப்பட்டான். இசைக்குப் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அந்நாள் வருமுன், அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அங்கே உறங்குவது இசைக்கருவியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தையல் இயந்திரமாகவோ பாடநூற்கட்டாகவோ இருக்கலாம். அதற்காகக் காத்திருக்கும் கை ஒன்று உங்கள் பங்கிலேயே இருக்கக்கூடும்.