துண்டு போட்டு இடம் பிடிக்கும் பூஞ்சை!

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக், சஃபோக் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் விரிந்து கிடக்கிறது தெட்ஃபோர்ட் காடு. பார்த்தால் ஆதிகாலத்துக் காடு போலத் தெரியும். ஆனால், வயது நூறைத்தான் தாண்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் மரத் தட்டுப்பாட்டால் திண்டாடிய பிரிட்டன், 1919-ல் வன ஆணையத்தைத் தொடங்கி, இந்த மணற்பாங்கான பூமியில் பைன் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டது.

இங்கே வருபவர்களில் பலர் சைக்கிள் ஓட்டுவார்கள், மான் பார்ப்பார்கள். காளான் பிரியர்கள் மட்டும் நிமிர்வதே இல்லை. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைக் குனிந்து தேடிக்கொண்டே நடப்பார்கள்.

அவர்கள் தேடுவது குடைக்காளானை மட்டுமல்ல. கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கிடக்கும் பொருக்குப் பூஞ்சைகளையும்தான். யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். எது எந்தப் பூஞ்சை என்று கண்டுபிடிக்க, கண்ணோடு நகமும் வேண்டும். ஈரமான பொருக்கை லேசாகக் கீறியதும் சிவப்பாகக் கசிந்தால், அது ஸ்டீரியம் சாங்குயினோலென்டம். காய்ந்து கிடந்தால் தண்ணீர் தொட்டுவிட்டுக் கீற வேண்டும். ஓரத்தில் ஊதா நிறமும் அடியில் பொடிப்பொடித் துளைகளும் தெரிந்தால் ட்ரைகாப்டம்.

இரண்டும் இல்லை, ஈரத்தில் மெழுகு பூசியதுபோலச் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, காய்ந்ததும் ஓரம் சுருண்டு பழைய பெயின்ட் போல உரிகிறது என்றால், அதுதான் ஃப்ளெபியாப்சிஸ் ஜைஜான்டியா. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, ஆளை மறக்கக்கூடாது.

காரணம் இருக்கிறது. நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே மரங்களை வெட்டியபோது, பக்கத்தில் நின்ற நல்ல மரங்கள் சாகத் தொடங்கின. ஹெட்டரோபாசிடியான் என்ற இன்னொரு பூஞ்சையின் வேலை அது. அதன் வித்துகள் காற்றில் வந்து புதிதாக வெட்டிய கட்டையில் இறங்கும். வேர் வழியே கீழே போகும். வேரோடு வேர் உரசும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும்.

இதைத் தெட்ஃபோர்ட் மரங்களிலேயே ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜான் ரிஷ்பெத். ஃப்ளெபியாப்சிஸ் முந்திக்கொண்ட கட்டைக்குள் அந்த எமன் நுழைய முடியவில்லை என்பதைக் கவனித்தார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான்! துண்டை நாமே போட்டால் என்ன? வெட்டிய கையோடு ஃப்ளெபியாப்சிஸ் வித்துகளைக் கட்டையில் தடவும் முறையை அவர் 1963-ல் வெளியிட்டார். இன்று மரம் அறுக்கும் இயந்திரமே, அறுக்கும்போதே வித்து கலந்த தண்ணீரைக் கட்டைமேல் தெளித்துவிடுகிறது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை காளான் பார்க்க நல்ல காலம். கட்டையின் மேலே மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அடியில், மண்ணை ஒட்டிய சருகை விலக்கிப் பாருங்கள். மேலே செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு, அடியில் வெள்ளைத் துளைகள் என்று தட்டுப்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டையில் முதலில் துண்டு போட்டது எமன்தான்.