சோளகத்தில் நெடுந்தீவு

ஆடி பிறந்தால் விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் ஊர்ப் பயணப் பேச்சுத்தான். எஃப்ரா சாலையில் 1981இல் தொடங்கிய கோவில் இது. பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களாக இருப்பார்கள். என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: நல்லூரோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போங்கள், ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பேருந்து போகும். அங்கிருந்து படகு, ஏறத்தாழ ஒரு மணிநேரம். ஆவணியில் சோளகக் காற்று பலமாக வீசும். படகு நன்றாக ஆடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம். உயிர்காப்பு அங்கியை வாங்கி, பிள்ளைகளுக்கு முதலில் போட்டுவிடுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன நம் சனங்களை வெட்டிக் கொன்றது இந்தக் கடலில்தான். லண்டனில் பிறந்த பிள்ளைகளும் அதை அறிய வேண்டும். படகில் வைத்தே சொல்லுங்கள்.

காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புகிறவர்கள் உச்சி வெயிலில் ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்கு மரத்தையும் படம் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். தீவின் அழகு வெயில் தாழ்ந்த பிறகுதான். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே ஆறுதலாக நடக்கலாம். வெளியில் மேயும் குதிரைகளைத் தள்ளி நின்று பாருங்கள். தீனி காட்டிக் கிட்டப் போகவேண்டாம்.

தங்குமிடங்கள் சிலதான். முன்கூட்டியே பேசி, சாப்பாட்டையும் சொல்லிவையுங்கள். ஒடியல் கூழ் கிடைக்குமா என்று கேளுங்கள். பல கிணறுகளில் உவர்நீர், ஆகவே குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் ஜீவனி பக்கற்றுகளும் வாங்குங்கள். இந்த வெக்கைக்குப் பழகாத பிள்ளைகள் சட்டென்று சோர்ந்துபோவார்கள். தொப்பி, நுளம்புக்குப் பூசும் மருந்து, சில்லறைக் காசு கட்டாயம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் குறிகட்டுவானில்தான் படகேற வேண்டும். வரும் வழியில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொழும்பிலிருந்து விமானம் ஏறும் நாளுக்கு முதல்நாள் மட்டும் தீவில் நிற்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இரண்டு நாளாவது இடைவெளி விட்டுப் பயணச்சீட்டுப் போடுங்கள்.