மிஞ்சிய இரண்டு பேர்ச்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் செய்நிரல் மொழி தொடங்கியதும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடலாம். பாடத்திட்டம் நீளம், பரீட்சை கிட்ட நிற்கும். ஆனாலும் கிளிநொச்சியில் படிப்பிக்கும் நான் வகுத்தலில் நின்றுவிடுகிறேன். கூட்டலும் பெருக்கலும் பிள்ளைகளிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. வகுத்தல் கேட்கிறது: எந்த அலகில் வகுக்கிறாய், மிஞ்சுவதை யாருக்குக் கொடுக்கப்போகிறாய்?

பைதனில் வகுத்தலுக்கு மூன்று செய்கைகள் உண்டு. ஒற்றைச் சாய்கோடு தசமத்தோடு விடை தரும். இரட்டைச் சாய்கோடு ஈவை மட்டும் தரும். % குறி மீதியைத் தரும். சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்து வந்தவர்கள் டிவ், மொட் என்ற பெயரில் இவற்றைச் சந்தித்திருப்பார்கள். மற்றவர்களுக்கு எல்லாம் புதிது. 10/5 என்று தட்டி 2.0 என்று கண்டவுடன், “சேர், சரியாப் பிரிஞ்சிட்டுதே, பிறகேன் அந்தப் புள்ளி சைபர்?” என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. பைதனின் பழைய பதிப்புகளில் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் நிறைவெண்தான் வந்தது. 5/3 வெறும் 1. சராசரி எடுக்கப் போனவர்களின் விடையில் தசமம் சத்தமில்லாமல் தொலைந்தது. 2008 டிசெம்பரில் வந்த பைதன் 3இல் ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம எண்ணையே தரும் என்று மாற்றினார்கள். தசமம் வேண்டாம் என்றால் அதை எழுதுபவரே // போட்டுச் சொல்லவேண்டும். இது மிகச் சரியான முடிவு என்பது என் எண்ணம்.

இதைக் காணியில் வைத்துத்தான் விளக்குவேன். ஐந்து ஏக்கர் வயல், மூன்று பிள்ளைகள், சமபங்கு. 5/3 என்றால் திரையில் 1.6666666666666667. கணித ரீதியில் குறையில்லை. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த நில அளவையாளரும் கல் நாட்ட முடியாது. எங்கள் பக்கம் காணிப் பேச்சு ஏக்கரிலும் பரப்பிலும் பேர்ச்சிலும்தான் நடக்கும்: ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்புக்கு 10 பேர்ச். ஆகவே முதலில் எல்லாவற்றையும் பேர்ச்சாக்கச் சொல்வேன். ஐந்து ஏக்கர் 800 பேர்ச். 800//3 என்றால் 266. 266//160 ஓர் ஏக்கர். 266%160 என்றால் 106. அதை மறுபடி 10ஆல் பிரித்தால் 10 பரப்பும் 6 பேர்ச்சும். ஒருவருக்கு ஓர் ஏக்கர், 10 பரப்பு, 6 பேர்ச். உறுதியில் எழுதலாம்.

பிறகு 800%3. விடை 2.

இந்த இடத்தில் விசைப்பலகையை விட்டுக் கையை எடுக்கச் சொல்வேன். இரண்டு பேர்ச் யாருக்கு? மூத்தவருக்கு என்று ஒருவன். தாய் தகப்பனைப் பார்க்கிறவருக்கு என்று இன்னொருத்தி. “கிணத்தடிக்குப் போற பாதைக்கு விடலாம் சேர், எல்லாருக்கும் பொது” என்று ஒரு பிள்ளை சொன்னபோது வகுப்பே ஒத்துக்கொண்டது. பைதன் 2 என்று சொன்னதோடு அதன் வேலை முடிந்தது. அந்த இரண்டை எந்த மாறியில் வைப்பது, யாருடைய பங்கோடு சேர்ப்பது என்பதைச் செய்நிரல் எழுதுபவர்தான் தீர்மானிக்கவேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் அந்த இரண்டு பேர்ச் யாருடைய பெயரிலும் இல்லாமல் போகும். இடம்பெயர்ந்து திரும்பிவந்து வேலி எல்லைக்காக வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மீதியே விடையாகும் கணக்கும் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்காகத் தேசிய அடையாள அட்டை எடுத்தவர்கள்தான் என் முன்னால் இருக்கிறார்கள். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதோடு 500 கூட்டியிருக்கும். முழு இலக்கத்தையும் திரையில் இடவிடமாட்டேன். முதல் ஏழு போதும். 2006632 என்று வைத்துக்கொள்வோம். //1000 என்றால் 2006. %1000 என்றால் 632. அதை 500ஆல் பிரித்தால் ஈவு 1, பெண். மீதி 132, பிறந்த நாள். ஆண்களுக்கு ஈவு 0. நிபந்தனைக் கூற்று ஒன்றுகூட இல்லாமல் இரண்டு செய்கைகளில் ஆணா பெண்ணா என்பதும் வந்துவிடும். 132ஆம் நாளை நாட்காட்டியில் எண்ணினால் மே 12 வரும். அந்தப் பிள்ளையோ மே 11இல் பிறந்தவள். அட்டை இலக்கத்தில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று கொள்வதுதான் காரணம். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்குச் சரியாக வர, மற்றவர்கள் திகைப்பார்கள். காரணத்தை அவர்களே தேடட்டும் என்று விட்டால் தேடிப் பிடித்துவிடுவார்கள்.

உள்ளீட்டில் வரும் 5உம் 3உம் எழுத்துச் சரங்கள் என்பதால் கூட்டினால் 53 ஆவதையும், 021 என்று தொலைபேசிக் குறியீட்டை எண்ணாகத் தட்டினால் பைதன் ஏற்க மறுப்பதையும் போகிற போக்கில் காட்டிவிடுவேன். கூட்டிக் கழிக்காத எதுவும் எண்ணல்ல என்பது அவர்களுக்கு உடனே பிடிபடும்.

பணத்துக்குத்தான் மறுபடி நிற்பேன். 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004. இது பைதனின் பிழையல்ல. பத்தில் ஒன்றை இரும எண்முறையில் முடிவுற எழுத முடியாது. அதனால் ரூபாயைச் சதமாக்கி நிறைவெண்ணில் வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். வன்னியில் பணக்கணக்கு என்றால் நுண்கடன் வராமல் இராது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரும் அளவுக்கு அந்தச் சுமை இருந்தது. 50,000 ரூபாய்க் கடன், மாதம் 2 வீதம், 12 மாதம் என்று எடுப்போம். முதலுக்கே முழு ஆண்டும் வட்டி போட்டால் வட்டி 12,000, கட்டவேண்டியது 62,000. சதத்தில் 6200000//12 என்றால் தவணை 516666, மீதி 8 சதம். எட்டுச் சதமும் கடைசித் தவணையில் சேரும்.

தவணைக்குத் தவணை முதல் குறைகிறதே, பிறகும் 2 வீதமா? மிச்சக் கடனுக்கு மட்டும் 2 வீதம் வட்டி கூட்டி, தவணையைக் கழித்து, 12 தடவை சுற்றச் செய்வோம். இறுதியில் மிச்சம் சைபராக வரவில்லை. 5,883 ரூபாய் கூடுதலாகக் கட்டியாயிற்று என்று சயக்குறியோடு வருகிறது. 3 வீதம் என்று மாற்றினாலும் சயம்தான். 4 என்றால் கடன் மிஞ்சுகிறது. இடையில் தேடித் தேடி ஏறத்தாழ 3.47இல் சைபருக்குக் கிட்ட வரும். ஆண்டுக்கு 24 என்று சொல்லப்பட்டது உண்மையில் 41ஐத் தாண்டுகிறது. பெருக்கல், கூட்டல், கழித்தல் தவிர இதில் வேறு கணிதமே இல்லை.

ஒரு மாணவி தாயின் தவணைப் புத்தகத்தோடு வந்தாள். அது கிழமைத் தவணை. மாத வீதமான 2ஐ 4ஆல் வகுத்தால் கிழமை வீதம் வருமா என்று கேட்டாள். நாலு கிழமைப்படி 12 மாதம் 48 கிழமைதான்; ஆண்டிலோ 52. மிச்சம் நாலு கிழமைக்கும் அதே அரை வீதத்தை அறவிட்டால் ஆண்டுக்கு 24 அல்ல, 26. அடுத்த வகுப்பில் எழுதப்போவது கிழமைத் தவணைக்கான செய்நிரலைத்தான். வீட்டில் இருக்கும் தவணைப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெயர் உள்ள பக்கத்தைத் தாள் ஒட்டி மறைத்து.