ஒரு நடிகரும் ஓர் எழுத்தும்

பிறர் குறையைக் கண்டு நகைப்பது எளிது. நம் குறையை நாமே காண்பது எத்தனை கடினம்! இதை எங்கள் பத்தாம் வகுப்பு இவ்வாண்டு கற்றுக்கொண்டது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு 'ர' என்ற எழுத்து நாவில் வராது. 'ரோஜா' என்பது 'லோஜா' ஆகிவிடும். அவள் பாடம் வாசிக்க எழுந்தாலே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நாளடைவில் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை.

ஒருநாள் ஆங்கில வகுப்பில் சிஸ்டர், ஷெர்லாக் ஹோம்ஸ் தொலைக்காட்சித் தொடரில் ஒரு கதையைப் போட்டுக் காட்டினார்கள். துப்பறியும் ஹோம்ஸாக நடித்தவருக்குத்தான் என்ன கூரிய பார்வை! என்ன கணீரென்ற குரல்! நாங்கள் வியந்து பேசிக்கொண்டபோது, "சிறு வயதில் இவருக்கும் 'ர' ஒலி சரியாக வராது" என்றார்கள் சிஸ்டர். வகுப்பே அடங்கிவிட்டது.

அவர் பெயர் ஜெரமி பிரெட். 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர் ஹக்கின்ஸ். இராணுவ அதிகாரியான தந்தைக்கு மகன் நடிகனாவது பிடிக்கவில்லை. ஆகவே வேறு பெயர் வைத்துக்கொண்டார். பேச்சுக் குறை நீங்க இளமையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அத்துடன் நின்றுவிடாமல், பேச்சுப் பயிற்சியை நாள்தோறும் விடாமல் செய்துவந்தார். லண்டனில் நாடகக் கலை பயின்று, 1954-இல் மான்செஸ்டரில் மேடையேறினார். 1984 முதல் 1994 வரை கிரனாடா தொலைக்காட்சிக்காக 41 கதைகளில் ஹோம்ஸாக நடித்தார். 1985-இல் மனைவி புற்றுநோயால் மறைந்தார். பின்னர் மனநோயும் இருதய நோயும் அவரை வாட்டின. அப்போதும் அவர் ஏற்ற பாத்திரத்தைக் கைவிடவில்லை. 1995 செப்டம்பர் 12 அன்று, 61-ஆம் வயதில் காலமானார்.

இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் எங்கள் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நாங்கள் சிரித்ததைவிட, தான் என்ன வாசித்தாள் என்பதை ஒருவரும் காதில் வாங்காததே தன்னை அதிகம் வருத்தியது என்றாள். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் தமிழ்ப் பாடத்தை வாசிக்க அவளே எழுந்தாள். 'ர' அன்றும் வரவில்லை. ஆனால் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவள் வாசித்த பாடத்தை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

தோழியரே, உங்கள் வகுப்பிலும் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருத்தி இருக்கலாம். அவள் ஏன் பேசுவதில்லை என்று எண்ணிப் பாருங்களேன்!